அளவுகோலை வீட்டுக்குள் திருப்புங்கள்!

(கல்லூரி ஒன்றின் அறிவியல் துறைகள் கூடி நடத்திய மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் மன்றத்துக்குத் தமிழாசிரியன் ஒருவனை ஏன் அழைத்தார்கள் என உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எனக்கும் அவ்வையம் எழுந்தது. இயற்பியலும் வேதியியலும் நான் துறைபோகக் கற்றவையல்ல. ஆயினும், முப்பது ஆண்டுகளாகப் பள்ளியில் நின்று உங்கள் துறைகளுக்கு மாணவரை அனுப்பிக்கொண்டிருப்பவன் நான். அனுப்பியவருள் யார் கரையேறினர், யார் இடையில் துவண்டு மீண்டனர் என்பதை அறிந்தவன். அத்தகுதி ஒன்றைக் கொண்டே இம்மேடையில் நிற்கின்றேன்.

'பல்கலைக்கழக அறிவியல் துறையில் ஒப்புரவு' என்பது எனக்குத் தந்துள்ள தலைப்பு. தமிழாசிரியன் ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன். ஒப்புரவு என்பது 'ஒப்பு' என்னும் அடியிற் பிறந்த சொல். ஒத்தல், நிகராதல் என்பது அதன் அடிப்பொருள். வள்ளுவப் பெருந்தகை 'ஒப்புரவறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்து, ஊர்க்கு உதவி வாழ்தலை அதனுள் வைத்தார். ஆகவே இச்சொல்லுக்குள் மூன்று கடமைகள் அடங்கிக் கிடக்கின்றன. வீட்டுக்குள் ஏற்றத்தாழ்வு கூடாது என்பது ஒன்று. எவரையும் வாயிலுக்கு வெளியே நிறுத்தக்கூடாது என்பது இரண்டு. வீட்டில் விளைந்ததை ஊரோடு பகிர வேண்டும் என்பது மூன்று. இன்று மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மூன்று சொற்களால் தனித்தனியே சுட்டும் கருத்துகளை நம் தாய்மொழி ஒரே சொல்லில் வைத்திருக்கின்றது. சொல்லை வைத்திருக்கின்றோம்; செயலை வைத்திருக்கின்றோமா? இதுவே என் கேள்வி.

மூடிய கதவு

அறிவியலுக்குச் சாதியில்லை, பாலில்லை, நாடில்லை என்கின்றோம். உண்மையே. பொருள் நிலத்தில் விழும் விரைவு சேரியிலும் அக்கிரகாரத்திலும் ஒன்றே. ஆனால், அவ்விரைவை அளக்கும் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவது எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததா?

மேகநாத் சாகா 1893-ஆம் ஆண்டு தாக்காவை அடுத்த சிற்றூர் ஒன்றில் சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து ஈடன் இந்து விடுதியில் தங்கினார். அங்கிருந்த மேற்சாதி மாணவர் தம்மோடு ஒரே கூடத்தில் அவர் உண்பதை ஒப்பவில்லை. அதே சாகா 1920-இல், விண்மீனின் ஒளிப்பட்டையைக் கொண்டு அதன் வெப்பநிலையைக் கணிக்க வழிகாட்டும் அயனியாக்கச் சமன்பாட்டை உலகுக்கு அளித்தார். எட்டாத் தொலைவில் எரியும் விண்மீனின் வெப்பத்தை அறியும் அறிவு படைத்தவர்க்கு, எதிர்க்கூடத்துப் பந்தியில் இலையில்லை! இதுதான் நம் நாட்டு அறிவியல் வரலாறு.

இன்னொன்று கேளுங்கள். 1933-இல் கமலா என்னும் இளம்பெண், பின்னாளில் கமலா சோகோனி என அறியப்பட்டவர், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் இளவர் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்றுப் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் ஆய்வுக்கு இடம் கேட்டார். அப்பொழுது அதன் இயக்குநர் நோபல் பரிசு பெற்ற சர் ச. வெ. இராமன். பெண் என்பதற்காகவே அவர் இடம் மறுத்தார். கமலா திரும்பிச் செல்லவில்லை. அறப்போர் முறையில் அங்கேயே நிலைத்து நின்றார். ஓராண்டு வெள்ளோட்டம், இயக்குநர்க்கு மனநிறைவு உண்டாகும்வரை அவர் ஆய்வுக்கு ஏற்பு இல்லை, ஆண் ஆய்வாளரின் கவனத்தைச் சிதறச் செய்யக் கூடாது என்னும் இழிவான கட்டுப்பாடுகளோடு இடம் கிடைத்தது. 1936-இல் சிறப்புடன் தேறினார். பின்னர்க் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில், செடியினங்களின் உயிரணுக்களிலும் மூச்சுவினைக்குத் துணைசெய்யும் சைட்டோகுரோம் என்னும் பொருள் உண்டு என நிறுவி, 1939-இல் முனைவர் பட்டம் பெற்றார். இராமன் ஒளியின் இயல்பை நுணுகி அறிந்த பேரறிஞர் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும் பெண்ணின் அறிவை அவர் ஆய்ந்து அறியவில்லை, முன்முடிவு செய்தார். ஆய்வுக்கூடத்தில் பேரறிஞராக இருப்பவரும் தம் துறையின் வாயிலில் வெறும் வழக்கத்தின் காவலராக நின்றுவிடக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

திறந்த கதவு

"அவை பழங்கதைகள் ஐயா! இன்று கதவு திறந்துவிட்டதே" என்பீர்கள். திறந்ததுதான், ஆனால் தானே திறக்கவில்லை. சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையை 1951-இல் இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது. தந்தை பெரியார் முன்னின்று போராடினார். அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பெற்றுப் பிற்பட்டோர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் கல்வியில் தனியிடம் ஒதுக்க வழி பிறந்தது. தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய 69 விழுக்காட்டு ஒதுக்கீடு 1994-இல் தனிச் சட்டமாயிற்று. இவற்றின் பயனாகத்தான் உழவன் மகளும் தோல் பதனிடுபவர் மகனும் இங்கு என் முன் அமர்ந்திருக்கின்றனர். இதை மறப்பவன் நன்றி கொன்றவன்.

எனினும் கதவு திறப்பது வேறு. உள்ளே இருக்கை இடுவது வேறு. விருந்தினனை வாயிலில் விட்டுவிட்டு, "கதவு திறந்துதானே இருக்கிறது" என்று சொல்லும் வீட்டை விருந்தோம்பும் வீடு என்போமா?

என் மாணவன் ஒருவன். பெயர் வேண்டா. கூலி உழவர் குடும்பத்துப் பிள்ளை, தமிழ்வழிப் படித்தவன், கணக்கிலும் இயற்பியலிலும் பள்ளி முதல்வன். குளத்து நீரின்மேல் பூச்சி அமிழாமல் நடப்பது ஏன் என்று ஏழாம் வகுப்பிலேயே கேட்டவன்; பரப்பு இழுவிசை என அறிந்து துள்ளியவன். ஒரு பெரிய கல்வி நிலையத்தில் இயற்பியல் துறையிற் சேர்ந்தான். முதல் திங்களில் அதே பரப்பு இழுவிசையைப் பற்றி ஆசிரியர் ஆங்கிலத்தில் வினவினார். வினாவே அவனுக்கு விளங்கவில்லை, நின்றான். "எந்த ஊரிலிருந்து வருகிறாய்?" என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. ஆய்வுக்கூடத்தில் இருவர் இருவராகச் சேர்ந்துகொள்ளுங்கள் என்றனர். அறிமுகமானோர் அறிமுகமானோரோடு சேர்ந்தனர். இவன் தனித்து நின்றான். நான்கு திங்களில் பெட்டியோடு ஊர் திரும்பினான். இன்று அவன் கிணற்று நீரேற்றும் பொறிகளைப் பழுதுபார்க்கின்றான். அவன் கைக்கு அடங்காத பொறி எங்கள் வட்டாரத்தில் இல்லை. அத்தொழில் இழிந்ததன்று. ஆனால் அவன் விரும்பித் தேர்ந்த வாழ்வு அதுவன்று. அத்துறையின் ஏட்டில் அவனைப்பற்றி என்ன எழுதியிருப்பார்கள்? 'இடைநின்றார்' என்று ஒரு சொல். அவன் இடைநிற்கவில்லை, இடைநிறுத்தப்பட்டான். அங்கு எவரும் அவனை அடிக்கவில்லை, வைதுவிடவில்லை, வெளியே போ எனவும் சொல்லவில்லை. ஆனாலும் அவன் வெளியேறினான். எப்படி நிகழ்ந்தது இது?

இவ்வாறான நிகழ்ச்சியைக் கண்டால் பெரும்பாலார் செய்வது என்ன? சிலர் இரங்குவர், சிலர் 'அவனுக்குத் தகுதி போதாது' என்பர். இரங்குவதும் அறிவியலன்று, பழிப்பதும் அறிவியலன்று. அறிவியல் துறை செய்யவேண்டியது ஒன்றே: அளப்பது, கரணியம் தேடுவது, மாற்றிப் பார்ப்பது, விளைவை மீண்டும் அளப்பது. உலகில் உள்ள அனைத்தின்மீதும் நீட்டுகின்ற அந்த அளவுகோலைத் தன் வீட்டுக்குள் திருப்புவதே அறிவியல் துறையின் ஒப்புரவு. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவே. இதைச் செய்து காட்டியவர் உண்டு. மூன்று இடங்களுக்கு உங்களை அழைத்துச் செல்கின்றேன்.

அளந்தவர்

முதலில் அமெரிக்காவின் மசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகம். அங்கு நான்சி ஆப்கின்சு என்னும் உயிரியல் பேராசிரியை வரிமீன்களை வளர்த்து ஆய்வு செய்ய விரும்பினார். மீன்தொட்டிகளுக்கு 200 சதுர அடி இடம் கூடுதலாகக் கேட்டார். கிடைக்கவில்லை. தம்மொத்த ஆண் பேராசிரியர்க்கு இருக்கும் இடத்தினும் தமக்கு இருப்பது குறைவு என்று சொன்னபோது எவரும் நம்பவில்லை. அவர் என் செய்தார்? அழவில்லை, அளவுநாடாவை எடுத்தார். ஆளில்லாத இரவு வேளையில் ஒவ்வோர் ஆய்வுக்கூடமாக அளந்து எழுதினார். எண்கள் அவர் சொன்னதே உண்மை என்றன.

1994-இல் அவர் பிற பெண் பேராசிரியரோடு கூடிக் கணக்கெடுத்தார். அக்கழகத்தின் அறிவியற் புலம் முழுவதிலும் நிலைத்த பணியுரிமை பெற்ற பெண்கள் 15 பேர்; ஆண்களோ இருநூற்றை ஒட்டியவர். பெண்களுள் ஏறத்தாழ அனைவரும் ஒன்றுகூடித் தலைமைக்கு எழுதினர். குழு அமைந்தது, ஊதியம், இடம், பொறுப்பு, பரிசு என ஒவ்வொன்றும் ஒப்பிடப்பெற்றது. 1999-இல் அறிக்கை வெளிவந்தது. அது காட்டிய உண்மையைக் கேளுங்கள்: இளம் பெண் ஆசிரியர் தமக்குக் குறையொன்றும் இல்லை என்றே எண்ணியிருந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்லவே ஒதுக்கப்படுவதை உணர்ந்தனர். ஒருவர் செய்த பெருங்கொடுமை என எதையும் சுட்ட முடியாது. சிறுசிறு குறைவுகள், ஒவ்வொன்றும் புறக்கணிக்கத்தக்கதாகத் தோன்றுபவை, ஆண்டுதோறும் சேர்ந்து மலையாகியிருந்தன. அப்பொழுது தலைவராக இருந்த சார்லசு வெசுட்டு, தாம் எண்ணியிருந்ததினும் இதில் மெய்ம்மையே மிகுதி என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஊதியமும் இடமும் திருத்தப்பெற்றன.

நம் நாட்டிலும் இத்தகு கணக்கெடுப்பு நிகழ்ந்ததுண்டு. தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியற் கழகத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவர் நடத்தப்படும் முறையைப் பேராசிரியர் சுகதேவ் தோரட்டு தலைமையிலான குழு ஆய்ந்து 2007-இல் அறிக்கை தந்தது. விடுதியிலும் வகுப்பிலும் அவர்கள் ஒதுக்கப்படுவதை அது வெளிக்கொணர்ந்தது. 2012-இல் பல்கலைக்கழக மானியக் குழு, வேற்றுமை பாராட்டலைத் தடுக்க நெறிமுறைகள் வகுத்து, நிகர்வாய்ப்புப் பிரிவு ஒன்றை ஒவ்வொரு நிலையத்திலும் அமைக்கச் சொன்னது. நல்லதே. ஆனால் பெயர்ப்பலகை மாட்டிய அறைகள் எத்தனை? உண்மையில் எவரேனும் நுழைந்து குறையைச் சொல்லும் அறைகள் எத்தனை? இதையும் அளக்க வேண்டும்.

கரணியம் தேடியவர்

அளந்தால் போதாது. காய்ச்சல் 103 பாகை என்று வெப்பமானி சொல்லும். நோய் எது என்று அது சொல்லாது. ஆகவே இரண்டாம் இடத்துக்கு வாருங்கள். கலிபோர்னியாவின் பெர்க்கிளிப் பல்கலைக்கழகம், 1970-களின் நடுப்பகுதி. கருப்பின மாணவர் பலர் நுண்கணித வகுப்பில் தோற்றுக்கொண்டிருந்தனர். சீன வழி வந்த மாணவர் சிறந்து விளங்கினர். ஆசிரியர்களைக் கேட்டால் விடை உடனே வந்தது: ஊக்கம் இல்லை, பள்ளிப் பயிற்சி போதாது, பெற்றோர் கருத்துச் செலுத்துவதில்லை, வறுமை. கேட்டுப் பழகிய விடைகள் அல்லவா? நம் ஆசிரியர் அறைகளிலும் நாள்தோறும் ஒலிப்பவை அல்லவா?

யூரி திரைசுமன் என்னும் ஆய்வு மாணவர் இவ்விடைகளை அப்படியே ஏற்கவில்லை. கருப்பின மாணவர் 20 பேர், சீன மாணவர் 20 பேர் ஆகியோரோடு அவர்கள் தங்கும் இடத்துக்கே சென்று, அவர்கள் எவ்வாறு படிக்கின்றனர் என்று நெடுநாள் கூர்ந்து நோக்கினார். ஊகங்கள் பொய்த்தன. பெற்றோர் பெரும் ஈகம் செய்து அனுப்பியிருந்தனர். மாணவர் நெடுநேரம் படித்தனர். வேறுபாடு எங்கே இருந்தது? சீன மாணவர் தனியே படித்தபின் ஒன்றுகூடினர்; ஒருவர் தவற்றை ஒருவர் திருத்தினர்; எந்தக் கணக்கு எல்லார்க்கும் கடினம் என அறிந்திருந்தனர். கருப்பின மாணவர் இருபதின்மருள் 18 பேர் உடன்பயில்வாரோடு சேர்ந்து படித்ததே இல்லை. தனியறையில் தனியே முயன்று, தனியே தோற்று, குறை தம்மிடமே உள்ளதென நம்பித் துவண்டனர்.

மருந்து என்ன? 'பின்தங்கியோர்க்குத் தனிவகுப்பு' என்று பெயரிட்டு எளிய கணக்குகளைத் தரவில்லை. அவ்வாறு செய்தால் அதுவும் ஓர் இழிவே. மாறாக, வகுப்பிலுள்ளதினும் கடுமையான கணக்குகளைத் தந்து, குழுவாக அமர்ந்து செய்ய வைத்தார். 1970-களின் இறுதியில் தொடங்கிய அப்பயிலரங்கில் சேர்ந்த மாணவர் முன்னேறினர். பல பல்கலைக்கழகங்கள் அம்முறையைப் பின்பற்றின. இங்குக் கருதத்தக்கது யாது? மாணவனைத் திருத்த முயலாமல், மாணவனைச் சூழ்ந்திருந்த தனிமையைத் திருத்தினார் என்பதே. என் மாணவன் ஆய்வுக்கூடத்தில் இணையின்றி நின்றானே, அந்நிலையை மாற்ற எவ்வளவு செலவாகியிருக்கும்? இணைகளை ஆசிரியரே வகுத்துப் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஒட்டியிருந்தால் போதும். ஒரு தாளின் செலவு!

ஊருக்குச் சென்றவர்

மூன்றாவது இடம் நம் நாட்டிலேயே உள்ளது. மத்தியப் பிரதேச மாநிலத்து ஓசங்காபாத்து மாவட்டம். இன்று நருமதாபுரம் எனப்படுவது. 1972-இல் அங்கு 16 நடுநிலைப் பள்ளிகளில் புதுமுறை அறிவியல் கல்வி தொடங்கிற்று. கிசோர் பாரதி, இராசூலியா நட்புறவு ஊரக நடுவம் ஆகிய இரு தொண்டு அமைப்புகள் அதனைத் தோற்றுவித்தன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து அறிவியலாரும் தில்லிப் பல்கலைக்கழக இயற்பியல் ஆசிரியரும் பெருநகரை விட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தனர், பாடம் எழுதினர். மலிவான பொருள்களைக் கொண்டு பிள்ளைகள் தாமே செய்து பார்த்துக் கற்றனர். மனப்பாடம் ஒழிந்தது, நூலைத் திறந்து வைத்துத் தேர்வு எழுதினர். பிள்ளைகள் ஐயம் கேட்டு மடல் எழுத 'சவாலிராம்' என்னும் கற்பனைப் பெரியவர் ஒருவரையே படைத்தனர். அவர் பெயரில் விடைமடல்கள் சென்றன. 1978-இல் அம்மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் அம்முறை பரவியது. 1982-இல் அதனை வளர்க்க ஏகலவ்யா என்னும் நிறுவனம் எழுந்தது.

பல்கலைக்கழகத்தார் ஊர்க்குக் கொடுக்க மட்டும் சென்றார்கள் என எண்ணாதீர்கள், பெற்றும் மீண்டார்கள். சிற்றூர்ச் சிறுவன் கேட்கும் எளிய கேள்விக்கு விடை சொல்ல முயன்றவரே தம் பாடத்தைப் புதிதாகக் கற்கின்றார். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: 2002-இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பதாண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிந்தது. இதிலிருந்து கற்பது யாது? ஊரோடு உறவாடுதல் சில நல்லவரின் தனிவிருப்பமாகவே நின்றால், ஒருநாள் அறுந்துபோகும். துறையின் பாடத்திட்டத்திலும் பணிநேரத்திலும் அது வேரூன்ற வேண்டும்.

முன்னர்ச் சொன்ன கமலா சோகோனியை இங்கு மீண்டும் நினையுங்கள். கேம்பிரிட்சு சென்று மீண்ட அவர் ஏழையர் உணவான பயறுகளின் ஊட்டத்தை ஆய்ந்தார். பனைமரத்துப் புளியாத இனிப்பு நீராகிய நீராவை ஆய்ந்து, ஊட்டமின்றி வாடும் மலைவாழ் இளையோர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் அது பயன்படும் எனக் காட்டினார். தடுக்கப்பட்டவர் உள்ளே வந்தபோது அறிவியலின் கேள்வியே மாறியது, கண்டீர்களா? யாரை உள்ளே விடுகின்றோம் என்பது, எதை ஆய்கின்றோம் என்பதையும் முடிவுசெய்கின்றது. பனையேறியின் மகள் வேதியியல் துறையில் இருந்தால் பனையைப் பற்றிக் கேட்பாள். மீனவர் மகன் இருந்தால் கடலின் நீரோட்டத்தைப் பற்றிக் கேட்பான். அவர்கள் இல்லாத துறையில் அக்கேள்விகளும் இல்லை.

மொழி என்னும் வாயில்

தமிழகத்து அறிவியல் துறையில் ஒப்புரவு பேசுவோர் மொழியைப் பேசாது விட்டால், நோயைச் சொல்லி நோயாளியை மறந்தவராவர். ஆங்கிலத்தின்மீது எனக்குப் பகையில்லை. உலக ஆய்வேடுகளைப் படிக்க அது வேண்டும். ஆனால் ஆங்கிலம் கற்றுத் தரப்பட வேண்டிய ஒரு பாடமா, அன்றி அறிவை அளக்கும் படியா? அதைப் படியாக ஆக்கிவிட்டோம். 'அடர்த்தி' அறிந்தவன் அதன் ஆங்கிலப் பெயர் அறியாமையால் அறிவிலி ஆகின்றான். பெயர் மட்டும் அறிந்தவன் அறிஞன் ஆகின்றான்.

தமிழில் உயர் அறிவியல் இயலுமா என்று கேட்போர்க்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுவேன். 1847-இல் அமெரிக்காவிலிருந்து அங்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலவழிக் கற்றோர் ஊதியம் நாடி நகரங்களுக்கும் அரசுப் பணிக்கும் சென்றுவிடுவதைக் கண்டார். சிற்றூர் மக்களிடையே நின்று மருத்துவம் செய்வோர் வேண்டும் என்பதற்காகவே 1860-களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, வேதியியல், மகப்பேறு எனப் பல மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அயல்நாட்டார் ஒருவர்க்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே விளங்கிய உண்மை இது: ஊர் மொழியிற் கற்றவனே ஊர்க்குத் திரும்புகின்றான்.

பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்து மடலங்களாக வெளியிட்டது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது. ஆகவே சொல்லில்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. வகுப்பில் ஒரு கருத்தை முதலில் தமிழில் விளக்கி, பின்னர் அதன் ஆங்கிலப் பெயரையும் கரும்பலகையில் எழுதினால் எவர்க்கு இழப்பு? ஆங்கிலவழி வந்தவனுக்கும் கருத்து தெளியும். தமிழ்வழி வந்தவனுக்கு வாயில் திறக்கும்.

தகுதி குறையுமா?

"இவற்றையெல்லாம் செய்தால் துறையின் தகுதி தாழாதா?" என்று ஒரு குரல் எழும். அக்குரலுக்கு அமைதியாக மறுமொழி சொல்கின்றேன். பெர்க்கிளியில் கணக்கை எளிமையாக்கவில்லை, கடுமையாக்கினர். பெங்களூரில் கமலாவுக்கு மதிப்பெண் இரந்து தரவில்லை, அவரே ஈட்டினார். ஒப்புரவு என்பது அளவுகோலைக் குறுக்குவதன்று. அளவுகோல் வளைந்திருந்தால் நிமிர்த்துவது. ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலில் கட்டிய கல்லை அவிழ்த்துவிட்டால், பந்தயத்தின் தொலைவு குறைந்துவிடுமா? கல்லைக் கட்டியவாறே ஓடவிட்டு, பிந்தினாய் என்று தீர்ப்பளிப்பதுதான் தகுதிக்கு இழுக்கு.

இன்னொரு குரல் எழும்: "எங்கள் துறையில் நாங்கள் வேற்றுமை பார்ப்பதில்லை." நம்புகின்றேன். மசாசூசெட்சுக் கழகத்தாரும் அவ்வாறே நம்பினர். வேற்றுமை பார்க்காதவர் நடத்தும் இடத்திலும் வேற்றுமை விளையும். ஏனெனில் வழக்கம் என்பது தானே இயங்கும் பொறி. நிறுத்தாதவரை ஓடும். பார்ப்பதில்லை என்பது போதாது, பார்த்தாக வேண்டும்.

செய்ய வேண்டுவன

ஆகவே, இம்மன்றத்தின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கின்றேன். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டா.

ஒன்று: இத்துறையிற் சேர்ந்தவருள் யார் முடித்தனர், யார் இடையில் நின்றனர் என்பதை ஆண்டுதோறும் கணக்கிடுங்கள். பெண் எவ்வளவு, தமிழ்வழி எவ்வளவு, ஒடுக்கப்பட்டோர் எவ்வளவு, முதல் தலைமுறையார் எவ்வளவு என வகுத்துப் பாருங்கள். எவர் பெயரையும் வெளியிடாமல் எண்களை மட்டும் துறைக்கூட்டத்தில் படியுங்கள். விலகிச் சென்றவனை ஒருமுறையேனும் அழைத்து, ஏன் சென்றாய் என்று அன்போடு கேளுங்கள்.

இரண்டு: ஆய்வுக்கூட இணைகளையும் குழுக்களையும் ஆசிரியரே வகுத்து, திங்கள்தோறும் மாற்றுங்கள். கருவியைத் தொடுபவன் ஒருவன், குறிப்பெழுதுபவள் ஒருத்தி என நிலைத்துவிடாமல் எல்லார் கையும் எல்லாக் கருவியிலும் படட்டும். மாலையில் ஓர் அறையைத் திறந்து வைத்துக் கடினமான கணக்குகளைக் கூடிச் செய்ய விடுங்கள்.

மூன்று: துறைக்கெனத் தமிழ்–ஆங்கிலக் கலைச்சொற் பட்டியல் ஒன்றை மாணவரே தொகுக்கட்டும். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவர் கையிலும் முதல் நாளிலேயே அது இருக்கட்டும். வகுப்பில் தமிழில் வினவ எவரும் நாணாத நிலையை உண்டாக்குங்கள். ஆசிரியர் ஒருவர் தமிழில் மறுமொழி சொன்னால் போதும். அந்நாணம் அன்றே ஒழியும்.

நான்கு: ஆண்டுக்குச் சில நாள்கள், துறை முழுவதும் ஊருக்குச் செல்லட்டும். ஊர்க் கிணற்று நீரை எடுத்து ஆயுங்கள். ஆய்ந்த முடிவை ஆங்கில ஆய்வேட்டில் புதைத்துவிடாமல் ஊர் மன்றத்தில் தமிழில் சொல்லுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து நுண்ணோக்கியைத் தொடவிடுங்கள். அப்பணிக்கு மதிப்பெண்ணும் ஆசிரியர்க்குப் பணிநேரமும் ஒதுக்குங்கள்.

ஐந்து: குறை சொல்ல வருபவர் அஞ்சாத ஓரிடத்தை உண்டாக்குங்கள். சொல்லியவர்க்குத் தீங்கு வராது என்னும் உறுதி முதலில்; உசாவல் அதன்பின். ஆய்வுக்கூடப் பணியாளரையும் இதில் மறவாதீர். குடுவையைக் கழுவும் கைக்கும் குடுவையில் கலக்கும் கைக்கும் ஒரே குவளையில் தேநீர் கிடைக்கும் நாளில்தான் இத்துறையில் ஒப்புரவு பிறந்ததெனக் கொள்வேன்.

மாணவ மாணவியரே! உங்களுக்கும் ஒரு சொல். எல்லாம் ஆசிரியர் செய்யட்டும் எனக் காத்திராதீர். நாளைக் காலை வகுப்புக்குச் செல்லும்போது கடைசி இருக்கையைத் திரும்பிப் பாருங்கள். அங்கு எவரோடும் பேசாமல் ஒருவன் இருப்பான். அல்லது ஒருத்தி இருப்பாள். வினா விளங்காமல் விழிப்பவர், சிரிப்புக்கு அஞ்சி வாய் மூடியவர். சென்று அருகில் அமருங்கள். "இந்தக் கணக்கைச் சேர்ந்து செய்வோமா?" என்று தமிழில் கேளுங்கள். பெர்க்கிளிப் பயிலரங்கின் உயிர்க்கூறு அந்த ஒரு கேள்விதான்.

எத்தனையோ நூற்றாண்டுகள் நம் மக்களுள் பெரும்பாலோர்க்கு எழுத்தே எட்டாதிருந்தது. போராடிப் பெற்ற இந்தக் கதவு மீண்டும் ஓசையின்றிச் சாத்தப்படுவதற்கு நீங்கள் துணைபோகலாகாது. அளவுகோல் உங்கள் கையில் இருக்கின்றது. அதனை வீட்டுக்குள் திருப்புங்கள். காண்பது கசக்கலாம், கண்டபின் திருத்துங்கள். திருத்தியபின் மீண்டும் அளங்கள். அறிவியலின் வழி அது. ஒப்புரவின் வழியும் அதுவே.